மொறிஸ் மைனர் வைச்சிருக்கிறவைக்கு: கருவி இல்லாத நேரம் எதால திருத்திறது

மொறிஸ் மைனர் ஒண்டை ஆசைப்பட்டு வாங்கிப்போட்டு, அடுத்த கிழமையே கடைக்குப் போய் மில்லிமீற்றர் ஸ்பனர் செற் ஒண்டு வாங்கி வாற பெடியள் இப்ப கன பேர். அந்த செற்றால நாலு நட்டின்ர மூலையை உருட்டிப்போட்டுத்தான் என்னட்டை வருவினம். 1948இல இங்கிலாந்தில வெளிவந்த கார் அது, முழுக்க அங்குலக் கணக்கு. 1971ஓட மைனர் செய்யிறதையே நிப்பாட்டிப்போட்டினம். ஆனால் எங்கட பக்கம் இன்னும் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் ஓடிக்கொண்டுதான் திரியுது.

நான் இதில சொல்லுறது மைனர் 1000ஐ வைச்சு. 1956இல வந்த 948 சிசி எஞ்சின், 1962இல வந்த 1098 சிசி எஞ்சின் ரெண்டுக்கும் சரி. ஒஸ்ரின் ஏ35 வைச்சிருக்கிறவைக்கும் எஞ்சின் வேலை அரைவாசிக்கு மேல பொருந்தும், அதுவும் அதே ஏ சீரிஸ் குடும்பம்தான்.

நான் தொழில் பழகினது யாழ்ப்பாணத்தில, 90களில. 1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட காலம். கராஜில ஒரு சாமான் இல்லையெண்டு சொன்னால், எனக்குத் தொழில் பழக்கின அண்ணை திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான்: "அந்தச் சாமான் என்ன வேலை செய்யுது?" அளக்கிற சாமானெண்டால் அதே அளவில வேற என்ன கிடக்கெண்டு பார். பிடிக்கிற சாமானெண்டால் பிடிக்க வேற வழி தேடு. ஆனால் ஆளின்ர உயிரைத் தாங்கிற சாமானெண்டால் காரை ஓரமா நிப்பாட்டு, சாமான் வந்தாப் பிறகு பாப்பம். நான் இண்டைக்கும் இந்தக் கணக்கிலதான் வேலை செய்யிறன்.

ஸ்பனர்

மைனர் 1000இன்ர நட்டுகளில பெரும்பாலானதுக்கு ஏ.எஃப். எண்டு அடிச்ச ஸ்பனர் வேணும், நட்டின்ர ஒரு தட்டைப் பக்கத்திலயிருந்து எதிர்ப்பக்கம் வரை அங்குலத்தில அளந்த அளவு அது. அதிகமாப் புழங்கிறது 7/16, 1/2, 9/16. இதை மில்லிமீற்றராக்கிப் பாருங்கோ. 5/16 எண்டால் 7.94, 8ஆம் நம்பர் வடிவாப் பிடிக்கும். 5/8 எண்டால் 15.88, அதுக்கு 16 காணும். 3/4 எண்டால் 19.05, 19ஆம் நம்பரே போய் இருக்கும். பிரச்சினை நடுவில கிடக்கிற மூண்டிலதான். 7/16 எண்டால் 11.11 மில்லிமீற்றர், 11ஆம் நம்பர் தேய்ஞ்ச நட்டில மட்டும் ஏறும். 1/2 எண்டால் 12.7, அதுக்கு 13 போட்டால் ஆடும். 9/16 எண்டால் 14.29, அதுக்கு 14 ஏறவே ஏறாது, 15 உருட்டிப்போடும். அதால முழு செற்றுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. இந்த மூண்டு அளவில மட்டும் நல்ல றிங் ஸ்பனர் வாங்கி வையுங்கோ, மிச்சம் வீட்டில கிடக்கிறது காணும்.

வழியில 1/2 நட்டுக் கழட்ட 13 மட்டும்தான் கையில இருக்கெண்டால், ரின்பால் பேணியில ஒரு சின்னத் தகட்டுத் துண்டு வெட்டி, நட்டுக்கும் ஸ்பனரின்ர ஒரு பக்கத்துக்கும் இடையில செருகுங்கோ. இடைவெளி 0.3 மில்லிமீற்றர், பேணித் தகடு அதுக்குக் கிட்டத்தட்ட வரும். ஆனால் துருப்பிடிச்சு இறுகின நட்டில இதைச் செய்யாதேங்கோ.

இறுகின நட்டுக்கு மெழுகுதிரிதான் என்ர மருந்து. எஞ்சினிலயிருந்து புகை வெளிய போற எக்ஸோஸ்ற் மனிஃபோல்ட்டின்ர நட்டை புளோ லாம்பால நல்லாச் சூடாக்கி, நெருப்பை எடுத்துப்போட்டு, மெழுகுதிரியை மரை தெரியிற இடத்தில வைச்சு அழுத்துங்கோ. மெழுகு உருகி மரைக்குள்ள இழுபட்டுப் போகும். கொஞ்சம் ஆற விட்டு, முதல் இறுக்கிற பக்கம் ஒரு பொட்டு அசைச்சு, பிறகு கழட்டுங்கோ. பெற்றோல் ராங்குக்கும் காபரேற்றருக்கும் கிட்ட நெருப்புப் பிடிக்க வேண்டாமெண்டு தனியாச் சொல்லத் தேவையில்லை. அந்த எஞ்சினில காபரேற்றரும் எக்ஸோஸ்ற்றும் ஒரே பக்கம்தான், அதால காபரேற்றரைக் கழட்டி அப்பால வைச்சிட்டுத் தொடங்குங்கோ.

இடைவெளி அளக்கிறது

பிளக்கின்ர இடைவெளி 0.025 அங்குலம். இரும்பு வெட்டிற ஹக்சோ பிளேற்றின்ர தடிப்பும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பல்லுப் பக்கத்தால அளக்கக் கூடாது. பல்லுகளை வலமும் இடமும் கொஞ்சம் வளைச்சு விட்டிருப்பினம், அதால அந்தப் பக்கம் தடிப்புக் கூட. முதுகுப் பக்கத்தால அளவுங்கோ. நான் முறிஞ்ச பிளேற் துண்டொண்டின்ர பல்லைச் சாணைக்கல்லில தேய்ச்செடுத்துத் திறப்புக் கோர்வையில கொளுவி வைச்சிருக்கிறன்.

டிஸ்ரிபியூட்டருக்குள்ள மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கிற பொயின்ற்றின்ர இடைவெளி 0.014 தொடக்கம் 0.016 அங்குலம் வரை, எண்டால் 0.4 மில்லிமீற்றருக்குக் கிட்ட. போட்டோக் கொப்பி எடுக்கிற ஏ4 கடுதாசி 500 தாள் கட்டின்ர உயரம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர், அப்ப ஒரு தாள் 0.1 மில்லிமீற்றர். நாலு தாளைச் சேத்துப் பிடிச்சால் பொயின்ற்றுக்கு அளவு கையில வந்திட்டுது. பொயின்ற்றின்ர முகம் கறுத்திருந்தால் நெருப்புப்பெட்டியின்ர உரசிற பக்கத்தை வெட்டி, அதால மெதுவா ஒருக்கா ரெண்டுதரம் இழுங்கோ. அதோட விட்டிடாதேங்கோ. பெற்றோல் தொட்ட கடுதாசித் துண்டொண்டை இடையில வைச்சு இழுத்துத் தூளை எடுத்தால்தான் வேலை முடிஞ்சது.

டப்பெற் இடைவெளி, எண்டால் வால்வுக்கும் அதைத் தள்ளிற கைக்கும் இடையில விடுற இடைவெளி, 0.012 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க. கணக்குக்கு மூண்டு தாள். ஆனால் டப்பெற்றுக்குக் கடுதாசியை நான் நம்பிறேல்லை. ஒயில் ஊறினால் தாள் நசியும், அளவு பிழைச்சால் வால்வு கருகும். வீடு வந்து சேர மட்டும் காணும். பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டுக் கட்டு) ஒண்டு வாங்கித் திரும்பப் பாருங்கோ.

டப்பெற் பாக்க ஒன்பதின்ர கணக்கைப் பழகி வைச்சால் புத்தகம் தேவையில்லை. எட்டு வால்வுக்கும் முன்னால இருந்து 1 தொடக்கம் 8 வரை நம்பர் வையுங்கோ. முதலாவது வால்வு முழுக்கத் திறந்து கிடக்கேக்க எட்டாவதைச் சரிபாக்க வேணும். மூண்டாவது திறந்தால் ஆறாவது. கூட்டினால் எப்பவும் ஒன்பது. எஞ்சினைச் சுத்த நாலு பிளக்கையும் கழட்டிப்போட்டு ஸ்ராட்டிங் ஹான்டிலைப் போடுங்கோ, சின்னப்பிள்ளையும் சுத்தும். பிளக்கைப் பூட்டி வைச்சுக்கொண்டு ஹான்டிலால ஸ்ராட் பண்ணிறதெண்டால் பெருவிரலை மற்ற விரல்களோட ஒரே பக்கத்தில வையுங்கோ. ஹான்டிலைச் சுத்திப் பிடிச்சால், எஞ்சின் திருப்பி அடிக்கேக்க பெருவிரல்தான் முதல் முறியும்.

ஒரு பல்ப்பும் ரெண்டு வயரும்

பழைய இன்டிகேற்றர் பல்ப் ஒண்டை ஹோல்டரோட எடுத்து ரெண்டு நீள வயர் பூட்டினால், மைனரின்ர மின்சார வேலையில முக்காவாசிக்கு அது காணும். 12 வோல்ற் பல்ப்பா இருக்க வேணும்.

இக்னிஷன் ரைமிங்குக்கு அதைப் பாவிக்கிறது இப்பிடி. கிராங் புலியின்ர அடையாளத்தைக் கைநூலில சொன்ன இடத்தில கொண்டுவந்து நிப்பாட்டுங்கோ. ஒரு வயரை டிஸ்ரிபியூட்டரின்ர பக்கத்தில இருக்கிற சின்ன முனையில கொளுவி, மற்றதை எஞ்சின் இரும்பில பிடியுங்கோ. திறப்பைப் போட்டு, டிஸ்ரிபியூட்டரின்ர பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, றோட்டர் சுத்திற பக்கமா உடம்பைத் திருப்புங்கோ. பல்ப் அணையும். இப்ப எதிர்ப்பக்கமா மயிரிழை மயிரிழையாத் திருப்பிக்கொண்டு வந்தால் ஒரு இடத்தில பல்ப் பத்தும். பொயின்ற் திறக்கிற இடம் அதுதான், அப்பிடியே இறுக்குங்கோ. வேலை முடிய உடன திறப்பை நிப்பாட்டுங்கோ. பொயின்ற் மூடினபடி திறப்புப் போட்டுக் கிடந்தால் கொயில் சூடாகிச் செத்துப் போகும்.

இன்னொண்டு. உங்கட காரில முந்தின ஆரும் மாத்தாட்டி, பற்றரியின்ர பொசிற்றிவ் முனைதான் உடம்போட பூட்டியிருக்கும். இந்தக் காலத்துக் கார்களுக்கு நேர் எதிர். பல்ப்புக்கு அது ஒண்டும் செய்யாது. ஆனால் புது றேடியோவையோ ஃபோன் சார்ஜரையோ கொண்டுவந்து பூட்டினால் அண்டைக்கே புகை வரும். பக்கத்துக் காரிலயிருந்து வயர் இழுத்து ஸ்ராட் பண்ணேக்கயும் முதல் முனையைப் பாருங்கோ, நிறத்தை நம்பாதேங்கோ.

பெற்றோல் பம்பும் காபரேற்றரும்

மைனரில எஸ்.யூ. மின்சாரப் பம்ப். திறப்பைப் போட்டால் டக்டக்கெண்டு கொஞ்சம் அடிச்சு, காபரேற்றரின்ர கோப்பை நிறைய நிண்டிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டே வருத்தம் சொல்லலாம். சத்தமே இல்லையெண்டால் உள்ளுக்க பொயின்ற் ஒட்டிக்கொண்டுது. திருப்புளியின்ர பிடியால பம்பின்ர உடம்பில மெதுவாத் தட்டுங்கோ, அடிக்கத் தொடங்கினால் வீடு போய்ச் சேரலாம். பிறகு மூடியைக் கழட்டிப் பொயின்ற்றைக் கடுதாசியால இழுத்துத் துப்புரவாக்குங்கோ. நிக்காமல் அடிச்சுக்கொண்டே இருந்தால் ராங்கில பெற்றோல் முடிஞ்சிருக்கும், இல்லாட்டிக் குழாயில எங்கயோ காத்து இழுக்குது. காபரேற்றரால பெற்றோல் வழிஞ்சுகொண்டு அடிச்சால் மிதவையின்ர ஊசியில தூசி.

எஸ்.யூ. காபரேற்றரைக் கழட்டப் பயப்பிடாதேங்கோ, அதைவிட எளிய காபரேற்றர் நான் கண்டதில்லை. மேல இருக்கிற, காபரேற்றருக்குள்ள இருக்கிற பிஸ்ரனின்ர துள்ளலைத் தணிக்கிற டாம்பரைக் கழட்டிப்போட்டு, காத்து வடியை எடுத்து, பிஸ்ரனை விரலால மேல தூக்கி விடுங்கோ. விழுந்து அடியில "ணக்" எண்டு இரும்பில இரும்பு படுற சத்தம் தெளிவாக் கேக்க வேணும். சத்தம் அமுங்கிக் கேட்டால், அல்லது தயங்கித் தயங்கி இறங்கினால், ஊத்தை, இல்லாட்டி ஜெற் நடுவில இல்லை. ஊத்தையெண்டால் பெற்றோலில நனைச்ச பழைய பருத்தித் துணி மட்டும். மண்கடுதாசி அதுக்குக் கிட்டயும் போகக் கூடாது. டாம்பருக்குள்ள விடுற ஒயில் மெல்லிசா, 20ஆம் நம்பரா இருக்கட்டும். கியர் ஒயில் விட்டால் பிஸ்ரன் ஏற மறுக்கும்.

கலவை பாக்க மீற்றர் தேவையில்லை. எஞ்சின் நல்லாச் சூடாகி ஐடிலில ஓடேக்க, மெல்லிய திருப்புளி நுனியால பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றரும் வராத அளவுக்குத் தூக்குங்கோ. எஞ்சின் வேகம் கூடி அப்பிடியே நிண்டால் பெற்றோல் கூட. உடன நூந்து போகப் பாத்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கை வையாதேங்கோ, அது சரி.

மண்ணெண்ணெயில கார் ஓடின கதையைக் கேக்கிற பெடியளுக்கும் ஒரு சொல்லு. ஓடினது உண்மை. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. குளிர்ந்த எஞ்சினில மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுதான் காரணம். ஆவியாகாத மிச்சம் சிலிண்டர் சுவரால இறங்கி ஒயிலோட கலந்து, ஒயில் தண்ணி மாதிரிப் போகும். பிளக் கரி பிடிக்கும், ஏத்தத்தில எஞ்சின் தட்டும். 948இன்ர கொம்பிறெஷன் 8.3க்கு 1 தான், அதால தாங்கிச்சுது. வேற வழியில்லாமல் செய்தது அது. பெற்றோல் கிடைக்கிற காலத்தில செய்து பாத்து பெயரிங்கைத் திண்ண விடாதேங்கோ.

கஸ்கற்றும் சிலிண்டர் ஹெட்டும்

தேமோஸ்ராற் மூடி போல சின்ன இடங்களுக்குக் கஸ்கற் கடையில தேட வேண்டாம். நல்ல மட்டைக் கடுதாசி காணும். மூடியைத் துப்புரவாக்கி, மட்டையை அதில வைச்சு ஒரு கையால அசையாமல் பிடிச்சுக்கொண்டு, சுத்தியலின்ர உருண்டைப் பக்கத்தால விளிம்பு நெடுகச் சின்னச் சின்னத் தட்டாத் தட்டுங்கோ. விளிம்பே மட்டையை வெட்டிக்கொண்டு போகும், கத்திரிக்கோல் வேண்டாம். போல்ற் ஓட்டைக்குப் பெயரிங் குண்டொண்டை ஓட்டைக்கு மேல மட்டையில வைச்சு ஒரே தட்டு, அச்சடிச்ச மாதிரி வட்டமா விழும். முதல் ஒரு ஓட்டையைத் தட்டி அதுக்குள்ள போல்ற்றைப் போட்டிட்டு அடுத்ததுக்குப் போனால் மட்டை நகராது. எங்க தட்டினாலும் தூள் உள்ளுக்க விழாமல் பாருங்கோ. ஹெட் கஸ்கற்றை மட்டும் இப்பிடிச் செய்யிற யோசினையை விடுங்கோ, அது கடைச் சாமான்தான்.

ஹெட்டை இறுக்க, எவ்வளவு பலத்தில இறுக்கிறமெண்டு காட்டிற ரோர்க் ஸ்பனர் இல்லையெண்டால் விற்றராசு, பள்ளிக்கூடத்தில விஞ்ஞானப் பாடத்துக்குக் கொண்டுவாறது, மீன் நிறுக்கத் தொங்கவிடுறது. ஏ சீரிஸ் ஹெட் நட்டுக்கு 40 றாத்தல் அடி. கிலோவில பாத்தால் ஒரு மீற்றர் நீளத்தில 5.5 கிலோ இழுவை. சொக்கற் பிடியில ஒரு குழாயைச் செருகி, நட்டின்ர நடுவிலயிருந்து சரியா 50 சென்ரிமீற்றரில அடையாளம் போடுங்கோ. அந்த இடத்தில தராசைக் கொளுவி, பிடிக்குச் செங்குத்தா இழுத்தால், தராசு 11 கிலோ காட்டிற நேரம் 40 றாத்தல் அடி. தராசைச் சரிபாக்க 10 கிலோ அரிசிப் பையொண்டைத் தூக்கிப் பாருங்கோ. இழுவை சரிஞ்சால் கணக்கும் பிழைக்கும், அதால ஒருத்தர் சொக்கற்றைப் பிடிக்க மற்றவர் இழுக்கிறது நல்லது. ஒரேயடியா 11க்குப் போகாமல், நடு நட்டிலயிருந்து வெளிப்பக்கமாச் சுத்திச் சுத்தி 4, 8, 11 எண்டு ஏத்துங்கோ.

ஹெட்டைக் கழட்டாமல் வால்வு ஸ்பிறிங் மாத்த வேண்டி வந்தால், பிஸ்ரனைக் கீழ இறக்கி, பிளக் ஓட்டையால சுத்தமான பருத்திக் கயிறொண்டை உள்ளுக்க திணியுங்கோ. ஒரு முனை வெளியில நிக்க வேணும். பிறகு ஹான்டிலைச் சுத்தினால் பிஸ்ரன் மேல வந்து கயிறை நெரிச்சு வால்வைத் தாங்கும், வால்வு உள்ளுக்க விழாது. நைலோன் கயிறு வேண்டாம்.

வழியில ஒழுகினால்

பெற்றோல் ராங்கில ஊசிமுனை ஓட்டையெண்டால் சன்லைட் சவர்க்காரம். பெற்றோலில சவர்க்காரம் கரையாது. கையில நல்லாப் பிசைஞ்சு, அழுத்திப் பூசி, மேல துணி கட்டுங்கோ. கன நாள் நிக்கும் எண்டதுக்காக அப்பிடியே விட்டிடாதேங்கோ, மழைத்தண்ணி பட்டால் கரைஞ்சிடும்.

றேடியேற்றருக்கு மஞ்சள் தூள் போடுறது ஊரில எல்லாருக்கும் தெரியும். ஒரு மேசைக்கரண்டி, தண்ணியில கரைச்சு. பிடிக்கும்தான். ஆனால் ஓட்டையைப் பிடிக்கிற அதே தூள் நல்ல குழாயையும் அடைக்கும், அதால வீடு வந்த உடன முழுக்கத் திறந்து கழுவி, ஈயம் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கோ. றப்பர் ஹோஸ் வெடிச்சால் பழைய சைக்கிள் ரியூப்பை ரெண்டு விரல் அகலத்தில நீளமா வெட்டி, இழுத்து இழுத்து மேலுக்குமேல சுத்துங்கோ. றேடியேற்றர் மூடியைத் தளர்த்தி வைச்சு ஓடினால் அமுக்கம் ஏறாது, கட்டும் நிக்கும். மூடியில கை வைக்கிறது எஞ்சின் ஆறினாப் பிறகுதான்.

பிறேக்கும் முன் சில்லும்

இங்க மாற்றுச் சாமான் கிடையாது. பிறேக் எண்ணெய் முடிஞ்சுதெண்டு எஞ்சின் ஒயிலை விட்டால் உள்ளுக்க இருக்கிற றப்பர் எல்லாம் ஊதி நாசமாப் போகும், பிறகு மாஸ்ரர் சிலிண்டரிலயிருந்து நாலு சில்லு வரை எல்லாம் மாத்த வேணும். ஹோஸுக்குச் சுத்திக் கட்டிறது, குழாயை நசுக்கி மூடிப்போட்டு மூண்டு சில்லில ஓடுறது, இதுகளும் வேண்டாம்.

செய்யிற முறையில மட்டும் கொஞ்சம் கைவேலை காட்டலாம். மைனரின்ர மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின்ர காலடியில, தரைத் தகட்டுக்குக் கீழ கிடக்கு. காப்பெற்றைத் தூக்கி, சின்ன மூடியைக் கழட்டித்தான் எண்ணெய் விட வேணும். முதல் சுத்தியிருக்கிற மண்ணை வடிவாத் துடைச்செடுங்கோ. போத்தலால ஊத்த ஏலாது. பாமசியில பெரிய சிறிஞ்ச் ஒண்டும் சேலைன் ரியூப்பும் வாங்கினால் ஒரு துளி சிந்தாமல் விடலாம். காத்து எடுக்கவும் அந்த ரியூப்தான். சில்லில காத்தை வெளிய விடுற பிளீடர் முனையில ஒரு பக்கத்தைக் கொளுவி, மற்றப் பக்கத்தை கொஞ்சம் பிறேக் எண்ணெய் விட்ட கண்ணாடிப் போத்தலுக்குள்ள அமிழ்த்தி வையுங்கோ. ரியூப்பில காத்துக்குமிழ் போறது கண்ணுக்குத் தெரியும். தூரச் சில்லிலயிருந்து தொடங்கிக் கிட்டச் சில்லுக்கு வாங்கோ. அதுக்கு முதல் பிறேக் சூவை (டிரம்மில உரசிற கட்டையை) இறுக்கிச் சரிபண்ணுங்கோ, முன் சில்லுக்கு ரெண்டு அஜஸ்ரர், பின் சில்லுக்கு ஒண்டு. முன்னால ஒண்டை மட்டும் திருப்பிப்போட்டுப் பெடல் கீழ போகுதெண்டு வந்த ஆக்கள் கன பேர்.

முன் சில்லின்ர கீழ் றனியன், எண்டால் சில்லு திரும்பிற அச்சின்ர கீழ் முனை மரையில ஏறி நிக்கிற துண்டு, இன்னும் பொல்லாதது. மைனரில சில்லுத் திரும்பிற அச்சு மரையிலதான் நிக்குது. கிறீஸ் காய்ஞ்சு மரை தேய்ஞ்சால் ஒரு நாள் கழண்டு, சில்லு சரிஞ்சு, கார் மூக்குக் குத்தும். 1,000 மைலுக்கு ஒருக்கா, மேலயும் கீழயும் உள்ள நிப்பிளுக்குள்ள புதுக் கிறீஸ் வெளிய பிதுங்கும்வரை அடியுங்கோ. பிதுங்காட்டி நிப்பிள் அடைச்சிட்டுது, கழட்டி மாத்துங்கோ. ஜக்கில தூக்கி, மரக்குத்தி வைச்சுப்போட்டு, சில்லை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. றனியனில ஆட்டம் தெரிஞ்சால் புதுச் சாமான் வரும்வரை கார் நிக்கட்டும். தகடு வைச்சு இறுக்கித் தாறன் எண்டு ஆரும் சொன்னால் கேளாதேங்கோ.

பிறேக் எண்ணெய் பெயின்றில பட்டால் துணியால துடைக்காமல் உடன தண்ணி ஊத்திக் கழுவுங்கோ. தேய்ச்சால் பெயின்றும் சேந்து வரும்.